பதினோராம் நாள் நான் பேசிய பேச்சு

என் அன்புக்குரிய என்னங்க,

உங்கள் பெயரைச் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை; எழுதவும் கை வரவில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, சாலாக் செலாத்தானில் தம்பி செல்வத்தோடு இருக்கிறேன்.

செல்வம் சிகரெட்டை விடப் பார்க்கிறான். போன வாரம் வேலை முடிந்து வந்தவன் வாசலிலேயே நின்றான். "அக்கா, இன்னைக்கு ஒண்ணு பிடிச்சிட்டேன். திட்டாதீங்க லா." அவனைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

நீங்களும் விட்டீர்களே. டாக்டர் பயமுறுத்தி அனுப்பிய அன்று என்னிடம் ஒன்றுதான் கேட்டீர்கள். "சாப்பிட்டதும்தான் கை பரபரங்குது. அந்த நேரம் என்னோட பேசிக்கிட்டிரு, போதும்." நான் பேசினேனா? சட்டையை முகர்ந்தேன். "வாயை ஊதுங்க பார்ப்போம்" என்றேன், பிள்ளைகள் முன்னால்.

நீங்கள் சிகரெட்டை விட்ட பதினோராம் நாள் கிள்ளானில் உங்கள் தங்கையைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். உங்கள் சட்டைப் பையில் பாக்கெட்டைப் பார்த்ததும் கூடத்திலேயே கத்தினேன். "இந்த மனுஷன் சொல்ற எதையும் நம்பாதீங்க!" மாப்பிள்ளையின் அப்பா வாங்கி வரச் சொன்ன பாக்கெட் அது என்று உங்கள் தங்கைதான் என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய்ச் சொன்னாள்.

அப்போதே கூடத்துக்கு வந்து சொல்லியிருக்கலாம். கௌரவம் விடவில்லை. திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் ஒன்று வாங்கி என் எதிரிலேயே பற்றவைத்தீர்கள். உண்மை தெரிந்திருந்தும், "நான் சொன்னது சரியாப் போச்சா?" என்றேன். அதன் பிறகு நீங்கள் விடப் பார்க்கவே இல்லை.

உங்கள் சாவுக்கு வந்தவர்கள், "நீ எவ்வளவோ சொன்னே, அவர்தான் கேக்கல" என்றார்கள். நானும் தலையாட்டினேன். எப்படி ஆட்டினேன்?

அன்று வாசலில் நின்ற செல்வத்தை உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். "ஒண்ணுதானே, போகட்டும். எப்போ தோணிச்சு?" என்று கேட்டேன். ஃபோர்மன் எல்லார் முன்னாலும் ஏசினானாம். மனதில் இருந்ததை எல்லாம் கொட்டினான். சாப்பிட்டதும் இருவரும் காய்கறி வாங்கும் பாசார் வரை பேசிக்கொண்டே நடந்தோம். இப்போது தினமும் நடக்கிறோம். எட்டு நாளாகத் தொடவில்லை. இவ்வளவு சுலபமான காரியமா இது? உங்களுக்கு ஏன் செய்யாமல் போனேன்?

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போகிறேன். அன்று பாக்கெட் வாங்கி வரச் சொன்ன, உங்கள் தங்கையின் மாமனார் இன்னும் இருக்கிறார். அந்த வீட்டார் எல்லாரையும் உட்கார வைத்து, அன்று நீங்கள் சொன்ன சொல் தவறவில்லை, தப்பு என்னுடையது என்று என் வாயாலேயே சொல்வேன். செல்வமும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும். இது சத்தியம்.

கேட்ட ஒன்றைக்கூடத் தராத உங்கள் மனைவி,
ராஜம்