எடை: இருபத்திரண்டு

அன்புள்ள அம்மா,

எண்ணுக்குப் பக்கத்தில் அலகை எழுத இந்த மனிதர்களுக்கு ஏன் கை வருவதில்லை? உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், கோபம்தான் கொஞ்சம் அதிகம்.

பயப்படாமல் படி. இன்று காலை எங்கள் ஆஸ்பத்திரி மருந்தகத்துக்கு ஒரு குழந்தையின் சீட்டு வந்தது. வயது ஒன்று, எடை இருபத்திரண்டு என்று மட்டும் இருந்தது. மருந்தைக் கொடுக்காமல் நேராக வார்டுக்குப் போய்க் கேட்டேன்.

"இருபத்திரண்டுன்னா கிலோதானே? இதுகூடவா தெரியாது?" என்றார் டாக்டர்.

"நீங்க குழந்தையைப் பாத்தீங்களா, சீட்டை மட்டும் பாத்தீங்களா?"

"மருந்தை எடுத்துக் குடுக்கறதோட நிறுத்திக்கங்கம்மா."

அங்கிருந்த தராசு பவுண்டில் காட்டிக்கொண்டிருந்தது. அதைக் கிலோவுக்கு மாற்றி, குழந்தையை நானே தூக்கி வைத்தேன். பத்து கிலோ. சீட்டிலிருந்த இருபத்திரண்டு பவுண்டுக் கணக்கு; அதைக் கிலோ என்று எடுத்திருந்தால் மருந்து இரண்டு மடங்குக்கு மேல் போயிருக்கும். அவர் சீட்டைத் திருத்தினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீ போர்த்திக்கொள்ளும் பழைய போர்வையை அனுப்பு. துவைக்காமலே அனுப்பு. முகவரியைத் தம்பியிடம் எழுதச் சொல்லாதே, உன் கையாலேயே எழுது. கவுன்டரில் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

மறுநாள் சேர்த்தது: அனுமதியில்லாமல் வார்டுக்குள் நுழைந்தேன் என்று என்மேல் புகார். எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். ஒரே வரி எழுதிக் கொடுத்தேன்: குழந்தையின் எடை பத்து கிலோ.