தோள்வார் அறுந்த பிறகு

அன்பு மனைவிக்கு,

உன் இடுப்புவலி குறைந்ததா? சின்னவள் அழாமல் பள்ளிக்குப் போகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் பேருந்திலிருந்து இறங்கும்போது கேமராப் பையின் வார் அறுந்துவிட்டது. கேமராவை நெஞ்சோடு அணைத்தபடி விழுந்தேன். அதற்கு ஒரு கீறலும் இல்லை. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான், பயப்படாதே.

புதுப் பை வாங்கப் போனால் கடைக்காரர், "பார்த்தா கேமராப் பைன்னு தெரியணுமா, தெரியக் கூடாதா?" என்றார். தினமும் பேருந்து, அவ்வப்போது வெளியூர் வேலை. தெரியாததே நல்லது என்று விலை குறைந்த துணிப்பை ஒன்றை எடுத்தேன். ஸ்டூடியோவில் எல்லோரும் அதைப் பார்த்து, "வீட்டுச் சாப்பாடா?" என்கிறார்கள். நானும் சிரித்துவைக்கிறேன்.

உள்ளே பஞ்சுதான் குறைவு. லென்ஸைச் சுற்றிவைக்க உன் பழைய பருத்திப் புடவை ஒன்றை அனுப்பு. துவைக்க வேண்டாம், கட்டியதை அப்படியே மடித்து அனுப்பு.

வண்டி வந்துவிட்டது, கிளம்புகிறேன்.

உன்னவன்