தம்பியின் மூக்கு

செப்டம்பர் 9

ஓப்ரியா காலையிலேயே வந்து நின்றார். எங்கள் வலாக்கியா நாட்டுப் பிரபுக்களில் மூத்தவர். என்னை அரியணையில் உட்கார வைத்தவர் — அதை நாளுக்கு இரண்டு தடவை சொல்லிக்காட்டாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. இன்று வேறு பேச்சு. துருக்கியர் படை தன்யூப் ஆற்றங்கரையில் நிற்கிறதாம். என்னைத் தூக்கிவிட்டு உட்கார வைக்க ஓர் இளவரசனைத் தேடுகிறார்களாம். தம்பி மானெயாவைப் பற்றித்தான் சொல்கிறார்.

“மூக்குல ஒரு வெட்டு போதும் அரசே. உசுருக்கு ஒண்ணும் ஆகாது.”

வேறு தாயின் பிள்ளைதான். ஆனால் அப்பா ரத்தம். இங்கே ஆள்வதற்கு அது போதும். உடம்பில் குறை உள்ளவன் மட்டும் ஆள முடியாது.

செப்டம்பர் 10

யோசிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். என்னத்தை யோசிப்பது?

செப்டம்பர் 14

சிலுவைத் திருநாள், விரதம். மானெயாவும் நானும் தினைக்களி சாப்பிட்டோம். என்னையறியாமல் அவன் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“என்னண்ணே, களி ஒட்டிருக்கா?” என்று சிரித்தான்.

பாவி, அப்பாவின் மூக்கு அப்படியே.

செப்டம்பர் 20

என்னால் முடியாது. துறவியாக்கிவிடுகிறேன் என்று ஓப்ரியாவிடம் சொன்னேன். துறவியும் ஆள முடியாதே. அங்கியைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். கிழவனுக்கு நக்கல்.

செப்டம்பர் 23

மடத்தில் மானெயாவுக்குச் சடங்கு நடந்தது. முடி நறுக்கும் கத்தரிக்கோலை மடாதிபதி மூன்று முறை கீழே வைப்பார். துறவியாகிறவன் தானே எடுத்துக் கொடுக்க வேண்டும், யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்குச் சாட்சியாக. இரண்டு தடவை கொடுத்தான். மூன்றாவது தடவை எடுக்கவே இல்லை. என்னைப் பார்த்தான். நான் காவலர்களைப் பார்த்தேன். எடுத்துக் கொடுத்தான்.

மூக்கு தப்பியதே, அதற்கு அவன் எனக்கு நன்றி சொல்ல வேண்டாமா?

அக்டோபர் 30

மானெயாவை மடத்தில் காணோம். அங்கி மட்டும் மடித்து வைத்திருக்கிறதாம். ஓப்ரியாவைக் கூட்டி வர ஆள் அனுப்பினேன் — வீடு பூட்டியிருக்கிறது. அவரும் போய்விட்டாரா? அடப்பாவி மனுஷா, அவன் மூக்கை அறுக்கச் சொன்னதே நீதானே! பயமாயிருக்கு. யாரைக் கூப்பிடுவேன்?

நவம்பர் 11

துருக்கியர் ஆற்றைக் கடந்துவிட்டார்கள். என் காவலர்களில் பாதிப் பேர் இல்லை.

டிசம்பர் 2

இன்றுதான் பேனா பிடிக்க முடிந்தது. துருக்கியர் அரண்மனைக்குள் நுழைந்த அன்று மானெயா தானே வந்தான். கிரீடத்தோடு. அழுதான், உண்மையாகவே அழுதான். ஓப்ரியா அவன் பின்னால் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ பண்ணுன மாதிரி நான் பண்ண முடியாதுண்ணே. அங்கி நிக்காதுன்னு எனக்குத் தெரியும்ல.”

பிறகு காவலர்களைப் பார்த்தான்.

ஜனவரி 6

திருநீராட்டு விழா. இப்போது நான் இருக்கும் மடத்தில் எல்லோருக்கும் தீர்த்தத்தில் நனைத்த, துளசி போல மணக்கும் பசில் கொத்து கொடுத்தார்கள். ஓர் இளம் துறவி முகர்ந்து பார்க்கச் சொல்லி என் முகத்தருகே நீட்டினார். பிறகுதான் பார்த்தார். கை அப்படியே நின்றுவிட்டது. பரவாயில்லை என்று நானே வாங்கிக்கொண்டேன்.

இனி என்னை அரசனாக்க எவனும் வர மாட்டான். நேற்றுக் கதவைத் தாழிடாமலே தூங்கிவிட்டேன். விடிந்த பிறகுதான் கவனித்தேன்.