கோணல் தையல்

புக்கிட் மேரா,
ஞாயிறு காலை

அன்பு மகள் நிரஞ்சனாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானேதான் எழுதுகிறேன், நம்பு! பெர்த்தில் நீ குடும்பத்தோடு நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இதுவரை என் பெயரில் உனக்கு வந்ததெல்லாம் நான் சொல்லி உன் அம்மா எழுதியது. சமூக மன்றத்தில் இந்த வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டேன். ஒரு வரி எழுதிவிட்டு ஒரு வாய் தேநீர் குடிக்கிறேன். மதியத்துக்குள் முடித்துவிடுவேன்.

அங்கேயே தையலும் கற்றுக்கொள்கிறேன். சிரிக்காதே. பக்கவாதம் வந்து ஞாபகமும் போன பிறகு அம்மாவால் இடது கையைத் தூக்க முடியவில்லை. தலைவழியாக எதைப் போட்டாலும் வலியில் அழுகிறாள். முதுகுப்பக்கம் திறக்கிற கவுன் வேண்டும் என்று அவளைப் பார்த்துக்கொள்கிற தாதிமை இல்லத்தில் கேட்டார்கள். கடையில் வாங்கியது கழுத்தில் உறுத்தியது. தேக்கா சந்தை மாடிக் கடையில் ஊருக்கே ரவிக்கை தைத்தவளுக்கு அதையா போடுவது? அவள் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு உட்கார்ந்துவிட்டேன். தையல் ஆசிரியை முனீரா துணி வெட்டக் காட்டிக்கொடுத்தார்.

முதல் கவுனில் இடக்கையையும் வலக்கையையும் மாற்றித் தைத்துவிட்டேன். தெரியாமலே கொண்டுபோனேன். மாதக்கணக்கில் அம்மா என்னை யாரோ போலத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று நல்ல கையால் தையலைத் தடவினாள். "என்னங்க இது, கை மாறிப் போச்சு! உங்கள யாரு என் மெஷின்ல உட்காரச் சொன்னா? பிரிங்க, பிரிங்க!" என்று சத்தம் போட்டாள். பக்கத்துக் கட்டில் அம்மாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை. அங்கேயே உட்கார்ந்து பிரித்தேன். முடிக்கும்வரை திட்டினாள்.

அடுத்ததை ஒழுங்காகத் தைத்துக் காட்ட ஆசை வந்துவிட்டது. கழுத்துக்கு வைக்கும் பட்டியைக் குறுக்காக வெட்டக் கற்றேன். அப்படி வெட்டினால்தான் வளைவில் சுருங்காது. கீழ் ஓரத்தை நூல் வெளியே தெரியாமல் கையாலேயே மடித்துத் தைத்தேன். "அங்கிள், கடையில தச்ச மாதிரியே இருக்கு லா" என்று முனீரா வகுப்பு முழுக்கக் காட்டினார்.

அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குறை ஒன்றும் அகப்படவில்லை. "ரொம்ப நல்லாத் தச்சிருக்கீங்க அண்ணே. கடை எங்க?" என்று கேட்டாள். ஜாலான் புசார் பக்கம் என்றேன். வேறு என்ன சொல்ல? "எங்க வீட்டுக்காரர் வரட்டும், அவருக்கும் ஒரு சட்டை தைக்கணும்" என்றாள். சரிம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு கோணலாகத்தான் தைக்கிறேன். கண் சரியில்லை என்று முனீராவிடம் சொல்லியிருக்கிறேன். போன வாரம் ஓரம் ஏறி இறங்கி, கையும் மாறிய கவுன் ஒன்றைக் கொண்டுபோனேன். அவள் விரல் தையல்மேல் போய் நின்றது. காத்திருந்தேன். பிறகு விரல் போர்வைக்குப் போய்விட்டது.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். வேலை அதிகம் என்று தெரியும். ஆனாலும் சீக்கிரம் ஒரு முறை வாம்மா. வரும்போது புதுத்துணி உடுத்தாதே. ஓரம் பிரிந்து தொங்குகிற சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வா. பள்ளிக்கூடத்துக்குப் போன நாளிலிருந்தே அந்தக் கோலத்தில் உன்னை அவள் வாசல் தாண்ட விட்டதில்லை. ஊசியும் நூலும் என் பையில் இருக்கும்.

உன் அப்பா,
முத்தையா