கொத்திய கோழி

என் மருமகளுக்கு, ஆண்டவன் உன் மனசுக்கு அமைதி தரட்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

நீ விட்டுப்போன செவலைக் கோழியை மற்றவை முதுகில் கொத்திக் குதறிவிட்டன. உப்புத் தண்ணீரில் கழுவி, புண்ணைச் சுற்றி இறகைக் கத்தரித்து, ஊதா மருந்து தடவினேன். வீட்டுக் கணக்கில் 'கோழி வைத்தியம்' என்று புதுத் தலைப்பு போட்டதைப் பார்த்து உன் புருஷன் சிரித்தான். நீ போன பிறகு அவன் சிரித்தது அன்றுதான்.

ஆறும்வரை அதைக் கூடையில் அடைத்து வைத்திருந்துவிட்டு, பிறகு கூட்டத்தில் விட்டேன். உடனே மறுபடி ரத்தம்.

கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர் என்னைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டார். "ஏம்மா, அடி வாங்குனதுக்கே ஜெயிலா? எது மொதல்ல கொத்துதுன்னு பாருங்க, அதைப் பிடிச்சு அடைங்க."

பார்த்தேன். நான் செல்லமாக வளர்த்த வெள்ளைக் கோழிதான். மனசே வரவில்லை. சாமி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அதைத் தூக்கித் தனிக் கூண்டில் விட்டேன். செவலை இப்போது பயமில்லாமல் மேய்கிறது. முதுகில் புது இறகு முளைக்கிறது.

அன்று மாலையே உன் நாத்தனாரைக் கூப்பிட்டுப் பேசினேன்.

"அவளுக்காகப் பெத்த பொண்ணையே வெளிய போகச் சொல்றியாம்மா?"

"ஆமாண்டி. அடுத்த தெருவுலதானே வீடு பார்த்திருக்கேன்? சாப்பிட இங்கயே வா. வாயைச் சாப்பாட்டுக்கு மட்டும் தெற."

அழுதாள். நானும் அழுதேன். நேற்று அவளும் மாப்பிள்ளையும் புது வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உன் புருஷனோடு நானும் வருகிறேன். திரும்பி வருகிறாயா என்று உன் அம்மா வீட்டு வாசலில் நின்று கேட்கத்தான். மனசிருந்தால் மட்டும் பெட்டியை எடு.

உன் வரவுக்கு ஏங்கும்,
அத்தை