பாதி ஏற்றி வைத்த இரண்டு பேட்டரிகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலம், அப்பா என்னைவிட ஒரு படி கூடுதல் நலம், காரணத்தைக் கீழே சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறீர்கள் என்று நம்புகிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் எழுது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வரிக்கு வரி திருத்துவார், கதை என் கையை விட்டுப் போய்விடும். தவிர இதில் நான் உனக்குச் செய்த துரோகம் ஒன்றும் இருக்கிறது, அதை எழுத்தில் ஒப்புக்கொள்வதுதான் மரியாதை.

இரண்டு வருடத்துக்கு முன்பு அப்பாவின் பேச்சுக் கருவிக்கு உபரியாக இருக்கட்டும் என்று ஐந்து பேட்டரி அனுப்பினாயே, அந்தக் கதைதான். குரல்வளையை எடுத்ததிலிருந்து அந்தக் கருவியைக் கழுத்தில் வைத்து அழுத்தினால்தான் அவருக்குப் பேச்சு, பேட்டரி போனால் பேச்சும் போச்சு. பார்சலை நான் பிரித்தபோது அவர் நடக்கப் போயிருந்தார். தெருமுனையில் செல்போன் பழுது பார்க்கிறாளே அந்தப் பெண்ணிடம் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் இதை எப்படிம்மா வைத்துக்கொள்வது என்று கேட்டேன். அவள் திருப்புளியைக்கூடக் கீழே வைக்காமல், “அக்கா, சும்மா வெச்சிருக்கிறதுக்கு முழுசா ஏத்தாதீங்க, பாதி போதும். வெயிலும் சூடும் படாத எடத்துல வையுங்க, ஃப்ரிட்ஜுக்குள்ள வேணாம், ஈரம் எறங்கும். மூணு மாசத்துக்கு ஒருக்கா எடுத்துப் பாருங்க, எறங்கியிருந்தா மறுபடி பாதிக்கு ஏத்துங்க” என்றாள். சும்மா இருந்தாலும் அதற்கு வயது ஏறிக்கொண்டுதான் இருக்குமாம், நாம் அதைக் கொஞ்சம் மெதுவாக்கலாம், அவ்வளவுதானாம்.

வந்து அப்பாவிடம் சொன்னால் சிரிக்கிறார். முப்பது வருடம் நீரேற்று நிலையத்தில் வேலை பார்த்த மனுஷன், மேல்தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்காமல் ஒருநாளும் வீட்டுக்குக் கிளம்பியதில்லை. “பாதித் தொட்டியோட எவனாவது வீட்டுக்குப் போவானாடி” என்று கேட்டார். இவரிடம் பேசிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. மூன்றை மட்டும் நீட்டி, மூன்றுதான் வந்திருக்கிறது என்று ஒரு பொய் சொன்னேன். நீயும் எண்ணிக்கையை அவரிடம் சொல்லவில்லை, பிழைத்தேன். அவர் அந்த மூன்றையும் அவ்வப்போது முழுதாக ஏற்றி, ஃப்ரிட்ஜ் தலையில், ஜன்னல் வெயில் விழுகிற மூலையில் வரிசையாக அடுக்கி வைப்பார். என்னுடைய இரண்டும் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள், முனைகளில் டேப் ஒட்டி, தேதி எழுதிய சீட்டோடு, உள்ளறை மர அலமாரியின் அடித்தட்டில் இருந்தன. சார்ஜரில் நாலு பச்சை விளக்கு இருக்கிறதல்லவா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் நடக்கப் போகிற நேரம் பார்த்துப் போட்டு, இரண்டாவது விளக்கு எரிந்ததும் பிடுங்கிவிடுவேன். இந்த வயதில் கணவனுக்குத் தெரியாமல் நான் செய்த காரியம் இது ஒன்றுதான்.

இப்போது போன ஞாயிறுக்கு வருகிறேன். நம் குடியிருப்பின் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டிருக்கிறது, பக்கத்திலேயே கழிவுநீர்க் குழாய் போகிறது, கீழ்வீட்டுக் குழந்தைகளுக்கு மாறி மாறி வயிற்றுப்போக்கு. அப்பா முகர்ந்து பார்த்தே சொல்லிவிட்டார். ஆனால் குடியிருப்புச் சங்கச் செயலாளர் இருக்கிறாரே, மைக்கைப் பிடித்தால் விடாத மனிதர், அவருக்கு முன்பக்கச் சுவருக்கு வர்ணம் அடிக்க வேண்டும். போன கூட்டத்தில் அப்பா எழுந்தபோது, “சார், உங்களுக்கு எதுக்குச் சிரமம், எழுதிக் குடுத்துடுங்க” என்று காகிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது சட்டையோடு சலவைக்குப் போயிருக்கும். அன்று வீட்டுக்கு வந்த அப்பா இரண்டு நாள் கருவியைக் கையிலேயே எடுக்கவில்லை. இந்தத் தடவை பேசியே தீருவது என்று ஒரு வாரம் ஒத்திகை பார்த்தார், குளியலறையில்கூட.

ஞாயிறு காலை கூட்டத்துக்கு அரைமணி இருக்கும்போது, தினம் போடுகிற பேட்டரி உயிரை விட்டது. ஃப்ரிட்ஜ் தலையிலிருந்து ஒன்றை எடுத்தார், வயிறு ஊதிப்போய்க் கருவிக்குள் நுழையவே இல்லை. இரண்டாவதும் அதே கோலம். மூன்றாவது நுழைந்தது, ஒரு சொல் பேசி அடங்கிவிட்டது. அவர் முகம் போன போக்கை நான் பார்த்திருக்கக் கூடாது. பென்சிலை எடுத்து, நீ மட்டும் போய் வா என்று எழுதிக் காட்டினார். நான் உள்ளறை அலமாரியைத் திறந்து ஒரு பேட்டரியை அவர் உள்ளங்கையில் வைத்தேன், இன்னொன்று என் கைப்பைக்குள் போனது. கருவி ரீங்காரமிட்டதும் அவர் பேசிய முதல் வார்த்தை “ஏது” என்பது. அப்புறம் சொல்கிறேன் நடங்கள் என்றேன்.

கூட்டத்தில் பேசினார் பார், நீ இருந்திருக்க வேண்டும். தட்டையான ரீங்காரக் குரல்தான், ஆனால் விரிசலின் நீளம், குழாயின் ஆழம், மழை பெய்தால் எது எதில் கலக்கும் என்று அவர் அடுக்க அடுக்க நாற்காலி இழுக்கிற சத்தம்கூட இல்லை. பாதிதானே ஏற்றியிருந்தது, வழி நெடுக வேறு ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார், நடுவில் குரல் தேய்ந்து நின்றது. செயலாளர், ‘சரி சார், மீதியை எழுதி’ என்று ஆரம்பித்து மைக்குக்குக் கை நீட்டினார். நான் மூன்றாம் வரிசையிலிருந்து எழுந்து போய், கைப்பையைத் திறந்து அடுத்ததைக் கொடுத்தேன். அப்பா நிதானமாக மாற்றிப் போட்டுக்கொண்டு, “எழுத வேணாம், பேசியே முடிச்சிடறேன்” என்றார். கீழ்வீட்டுப் பெண்கள்தான் முதலில் கைதட்டினார்கள். நாற்பது வீட்டில் முப்பத்தாறு கை தூக்கியது. தொட்டி வேலை நாளை ஆரம்பம், மேற்பார்வை அப்பா. செயலாளரும் கடைசியில் கை தூக்கினார், மறு கையில் மைக் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று பார்த்தால், “மூணே மூணு அனுப்பியிருக்காளேன்னு ரெண்டு வருஷமா என் பொண்ணு கை சுருங்கிப் போச்சுன்னு நெனச்சிட்டிருந்தேனேடி” என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். என்னை மன்னித்துவிடு கண்ணே. ஊதிப்போனவற்றை ஏற்றவோ குத்தவோ கூடாதாம், அந்தப் பெண் மூன்றையும் பத்திரமாக வாங்கிக்கொண்டாள். நேற்று அப்பாவே சார்ஜர் முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு பேட்டரிக்கு இரண்டாவது விளக்கு எரிந்ததும் போதும் என்று சொல்லிப் பிடுங்கி, கண்ணாடிக் கூட்டில் வைத்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நீ அடுத்த பார்சலில் இன்னும் இரண்டு அனுப்பு, கடையில் தயாரித்த தேதியைப் பார்த்துப் புதிதாக வாங்கு. காருக்குள் வெயிலில் போனையும் டார்ச்சையும் போட்டு வைக்காதே, உன் வழக்கம் எனக்குத் தெரியும்.

இருவரும் நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி நன்றாக இருங்கள். ஞாயிறு போன் செய்ய மறக்காதே, இந்தத் தடவை முதலில் அவர்தான் பேசுவாராம்.

என்றும் உன் நினைவில்,
அம்மா

மகளே, ஐந்தும் வந்து சேர்ந்தன. பதில் சொல்ல இரண்டு வருடம் ஆகிவிட்டது. அப்பா.