நாத்தனார் காவலில் மூன்று ஆட்டங்கள்

மே 5, செவ்வாய்

கூடைப்பந்து லீக்கில் பிளே-ஆஃபுக்கு வந்துவிட்டோம்! பல் கிளினிக்கில் ஒருவர் வாயைப் பிளந்து படுத்திருக்க, உறிஞ்சுகுழாயைப் பிடித்தபடி நான் இளித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் முறைத்தார். முறைக்கட்டும்.

அரையிறுதி மூன்று ஆட்டம். இரண்டில் ஜெயித்தால் இறுதி. நான் மாற்று ஆட்டக்காரிதான். ஆனாலும் லீக்கில் ஆட்டத்துக்குச் சராசரி பத்துப் புள்ளி. எல்லாமே மூலையில் நின்று போட்ட மூன்று புள்ளி வீச்சுகள்.

எதிரணி? என் நாத்தனாரின் அணி. வீட்டில் இப்போதே கலாட்டா.

மே 9, சனி

முட்டை. ஒரு புள்ளிகூட இல்லை.

லீக்கில் என்னைத் தடுத்தவர்கள் ஆடி அசைந்து வருவதற்குள் நான் வீசி முடித்திருப்பேன். இன்று என்மேல் நாத்தனாரை ஏவிவிட்டார்கள். பந்து என் கைக்கு வருமுன்னே அவள் கை என் மூக்குக்கு நேரே. "அண்ணி, வலப்பக்கம்தானே போகப் போறீங்க?" சிரித்துக்கொண்டே வேறு கேட்கிறாள், ராட்சசி!

தோற்றோம். எதிரே நிற்கும் ஆள் மாறினால் என் ஆட்டமே காணாமல் போய்விடுமா? நான் இவ்வளவுதானா?

மே 10, ஞாயிறு

அவரிடம் புலம்பினேன். "பொண்டாட்டியும் வேணும், தங்கச்சியும் வேணும். என்னை விட்டுடு" என்று குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

மே 12, செவ்வாய்

கோச் கூப்பிட்டார். வெளியே உட்கார வைக்கப்போகிறார் என்றே நினைத்துப் போனேன்.

"அவங்க டீம்லயே வேகமா தடுக்கிறவ உன் நாத்தனார்தான். அவ உன்கூடவே நின்னா நம்ம கேப்டனை யாரு தடுப்பா?"

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"மூலையில நில்லு. பந்து வரலைன்னு கோவிச்சுக்காத. அவளை நகர விடாதே, போதும்."

நிற்பதற்கு ஒரு ஆளா! ஆனால் யோசித்தால்... அட.

மே 13, புதன்

நின்றேன். நன்றாக நின்றேன். அந்தப் பக்கம் கேப்டன் முப்பத்தொரு புள்ளி!

"பந்தே தொடாம என்ன அண்ணி நிக்கிறீங்க?"

"உன்கூடப் பேசி நாளாச்சேன்னுதான்."

ஜெயித்தோம். என் கணக்கில் மறுபடி முட்டை. இவ்வளவு சந்தோஷமான முட்டை உலகத்தில் கிடையாது.

மே 16, சனி

கடைசி இரண்டு நிமிடம், நான்கு புள்ளி பின்னால் இருந்தோம். எங்கள் கேப்டன் ஒவ்வொன்றாகப் போட்டு நெருங்கிக்கொண்டிருந்தாள். இதற்குமேல் பொறுக்க முடியாமல் எதிரணியினர் நாத்தனாரைக் கேப்டனிடம் அனுப்பிவிட்டு, என்னிடம் ஒரு மெதுவானவளை விட்டார்கள். பந்து வந்தது. போட்டேன். விழுந்தது! திரும்பவும் வந்தது. திரும்பவும்!! இரண்டு புள்ளியில் ஜெயித்தோம். துள்ளிய துள்ளலில் கோச்சின் காலை மிதித்துவிட்டேன்.

நாத்தனார் முகத்தைத் துண்டால் மூடி உட்கார்ந்திருந்தாள். வண்டியிலும் அந்தத் துண்டை எடுக்கவில்லை. எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

மே 17, ஞாயிறு

காலையில் நாத்தனார் எங்கள் அறைக் கதவைத் தட்டினாள். கண் இன்னும் வீங்கித்தான் இருந்தது.

"ஃபைனல்ல உங்களைத் தடுக்கப் போறவ இடது கைக்காரி. அவ எப்படி வருவான்னு எனக்குத் தெரியும். ஷூவைப் போடுங்க அண்ணி, காட்டறேன்."